கரையில் எடை போடும் இடத்துக்கு ரூபியில் ஒரு ஆப்

ரூபி என்ற நிரல்மொழி தெரிந்தவர் மொபைல் ஆப் எழுத வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டுக்கான காட்லின், ஐபோனுக்கான ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளை எல்லாம் முழுசாகக் கற்றுத்தான் ஆக வேண்டுமா என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் படித்து முடித்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஊரிலிருந்தே வேலை பார்க்க நினைக்கிறவர்கள். முழுசாக வேண்டியதில்லை, ஆனால் கொஞ்சம் காட்லின் இல்லாமலும் முடியாது என்பதுதான் என் பதில். அந்தக் கொஞ்சம் எந்தத் திரையில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. மண்டபம் பக்கம், பாக் விரிகுடாவைப் பார்த்த ஒரு கிராமத்தில் நண்டு கொள்முதல் செய்யும் ஷெட்டுக்கு ஆப் செய்து கொடுத்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஷெட்டைப் பற்றி. இங்கே நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலை போடுகிறார்கள். பெரும்பாலும் நீலக்கால் நண்டு. விடியுமுன் படகு கரைக்கு வந்துவிடும். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கழற்றுவார்கள். கறிக்கு எடுத்தது போக மிச்சம் கூடையோடு ஷெட்டுக்கு வரும். பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்து, எடை போட்டு, அன்றைய விலைக்குக் கணக்கு எழுதித் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். படகுக்காரர்களில் பலர் ஷெட் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வலை வாங்க, என்ஜின் பார்க்க, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் கட்ட என்று வாங்கிய பணம். ஒவ்வொரு எடையிலும் அதற்கு ஒரு பிடித்தம் போகும். இத்தனையும் ஒரு நீள நோட்டில் இருந்தது. வாரக் கணக்கு முடிக்கும் அன்று கூட்டிக் கழித்து முடிக்க நள்ளிரவு ஆகிவிடும். சீட்டு நனைந்து எழுத்து அழிந்துபோனால் அதற்கு வேறு வாக்குவாதம்.

ரூபியில் ஆப் எழுதும் முயற்சி புதிதல்ல. 2012-இல் வந்த ரூபிமோஷன், ரூபி நிரலையே ஐபோனில் நேரடியாக ஓடும் ஆப்பாக மாற்றிக் கொடுத்தது. அதன்மேல் வந்த புரோமோஷன் என்ற ஜெம்மில் (ரூபியின் துணைநிரல் தொகுப்பு) ஒரு திரைக்கு ஒரு கிளாஸ். தலைப்பு ஒரு வரி, அடுத்த திரையைத் திறக்க ஒரு வரி. ‘திரை’ என்பதைத் தனிப் பொருளாக வைத்து யோசிக்க நான் பழகியது அதில்தான். ஆனால் ஆண்ட்ராய்டு போன் மட்டுமே புழங்கும் ஒரு கரைக்கு, இன்றைக்குப் புதிதாகத் தொடங்கும் வேலைக்கு, நான் எடுப்பது ரூபியில் வெப் தளம் கட்ட உதவும் ரெயில்ஸும், அந்தத் தளத்தையே ஆப்பாகக் காட்டும் ஹாட்வயர் நேட்டிவும். பேஸ்கேம்ப், ஹே ஆகியவற்றைச் செய்யும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2024 செப்டம்பரில் ஹாட்வயர் நேட்டிவை வெளியிட்டது. அதற்கு முன்பு டர்போ நேட்டிவ், ஸ்ட்ராடா என்று தனித்தனியாக இருந்தவை இதில் ஒன்றாகிவிட்டன.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போனில் நிறுவுவது ஒரு மெல்லிய நேட்டிவ் ஆப், அதாவது போனுக்கே உரிய மொழியில் எழுதியது. அதற்குள் வெப் பக்கங்களைக் காட்டும் ஒரு சட்டம், வெப்வியூ. திரைகள் எல்லாம் ரெயில்ஸ் சர்வரிலிருந்து எச்டிஎம்எல்லாக வருகின்றன. ஒரு இணைப்பைத் தொட்டால், அந்தப் பக்கங்களுக்குள் ஓடும் டர்போ என்ற நிரல் அதைத் தடுத்து நிறுத்தி, ‘இந்த முகவரிக்குப் போகலாமா’ என்று நேட்டிவ் ஆப்பிடம் கேட்கும். ஆப் புதிய திரை ஒன்றை அடுக்கின் மேல் வைத்து, அந்தப் பக்கத்தை அதில் காட்டும். மேல்பட்டை, பின்செல்லும் அம்புக்குறி, திரை நகரும் விதம் எல்லாம் அசல் ஆண்ட்ராய்டு. உள்ளே இருப்பது மட்டும் நாம் ரூபியில் எழுதிய பக்கம்.

எந்த முகவரி எப்படித் திறக்க வேண்டும் என்பதை ஒரு ஜேசான் கோப்பு (எளிய எழுத்து வடிவத் தரவுக் கோப்பு) முடிவு செய்கிறது. பாத் கான்ஃபிகரேஷன் என்பார்கள். ‘நியூ’, ‘எடிட்’ என்று முடியும் முகவரிகள் கீழிருந்து எழும் தனித் திரையாக வரட்டும், விலைப்பட்டியல் திரையை இழுத்தால் புதுப்பிக்கட்டும் என்பது போன்ற விதிகள் அதில் இருக்கும். ஆப்புக்குள்ளும் ஒரு பிரதி, சர்வரிலும் ஒரு பிரதி. சர்வரில் மாற்றினால், ஆப்பைத் திரும்ப நிறுவாமலே திரையின் நடத்தை மாறும். சர்வரில் உள்ள கோப்பின் பெயரில் பதிப்பு எண் போட்டு வையுங்கள். பழைய ஆப்புக்குத் தெரியாத நேட்டிவ் திரையின் பெயரைப் புதிய கோப்பில் எழுதும் நாள் வரும். அன்றைக்குப் பழைய ஆப் தன் பழைய கோப்பையே படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, எந்தத் திரையை ரூபியில் விடுவது, எதை நேட்டிவாக எழுதுவது? ஆப்பின் உயிர் எடைத் திரைதான். அதை முதலில் நேட்டிவாக எழுதிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் அதை வேண்டுமென்றே முதலில் ரூபியில், சாதாரண வெப் பக்கமாக வைத்தேன். தினமும் அதிகாலை ஷெட்டில் உட்கார்ந்து பார்த்து, பகலில் மாற்றி, மறுநாள் காலையில் மாறிய திரையோடு போக வேண்டும் என்பதே எண்ணம். அது வரை நோட்டும் பக்கத்திலேயே இருந்தது. கணக்கு எழுதும் அக்கா இரண்டிலும் எழுதினார்.

அந்தத் திரை மாறிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காவின் இடது கையில் கூடை, வலது கை ஈரம், நண்டு ஓட்டின் துணுக்கும் மணலும் ஒட்டிய விரல்கள். போன் ஒரு பலகையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஈரக் கையால் தொட்டால் தொடுதிரை ஒரு இடத்தைத் தொட்டதை இன்னொரு இடமாக எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்லும் குறைந்தபட்ச தொடு அளவு 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு). இங்கே அது போதாது. மூன்று தரத்துக்கும் திரையின் முழு அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பொத்தான் வைத்தோம். பெரிசு மேலே, பொடி கீழே, இடையில் நல்ல இடைவெளி. கீழிறங்கும் பட்டியல் எதுவும் இல்லை. படகுப் பெயரைத் தேடும் கட்டமும் எடுபடவில்லை. எடைக்கு நிற்கும்போது யாரும் தட்டச்சு செய்யமாட்டார்கள். கடைசியாக எந்த வரிசையில் படகுகள் வந்தனவோ அந்த வரிசையிலேயே பெயர்கள் மேலே வரும்படி வைத்ததும் தேடவேண்டிய தேவையே போய்விட்டது. ரூபியில் அது ஒரே ஒரு வரி வரிசைப்படுத்தல்.

எடைக் கட்டத்துக்கு எண் விசைப்பலகை வரவேண்டும். உள்ளீட்டின் வகையை ‘நம்பர்’ என்று போடுவதைவிட, சாதாரண எழுத்துக் கட்டமாகவே விட்டு ‘இன்புட்மோட்’ என்ற பண்பை ‘டெசிமல்’ என்று வைப்பது நல்லது. புள்ளியோடு கூடிய எண்பலகை வரும், உலாவியின் தேவையில்லாத மேல்கீழ் அம்புகள் வராது. எடையை டேட்டாபேஸில் கிராமாக, முழு எண்ணாக வையுங்கள். 12.350 கிலோ என்றால் 12350. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக. தசமக் கணக்கை, தோராயமாகவே சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைத்து வாரக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தால், அந்த ஒரு ரூபாய்க்கு ஷெட்டின் நம்பிக்கையே ஆட்டம் காணும். இன்னொன்று, அன்றைய விலையை எடை வரியிலேயே நகலெடுத்து வைக்க வேண்டும். விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று. விலைப்பட்டியலைச் சுட்டிக்காட்டி மட்டும் வைத்தால், விலை மாறியதும் பழைய சீட்டின் தொகையும் சேர்ந்து மாறிவிடும்.

வெயிலும் ஒரு காரணி. ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் தட்டி, கடல் பக்கம் திறந்தது. சூரியன் ஏறினால் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து எதுவும் தெரியாது. வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான். இருண்ட பின்னணித் தோற்றத்தை நான் வைக்கவே இல்லை. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் ‘மூ’, ‘ளு’ போன்றவற்றின் கால் வெட்டுப்படும். பொத்தான்களுக்கு நிலையான உயரம் கொடுக்காமல் உள்ளே உள்ள எழுத்துக்கேற்ப வளர விட வேண்டும். எல்லாச் சொற்களும் ரெயில்ஸின் தமிழ் மொழிக்கோப்பில் இருக்கின்றன. அக்கா ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் நான் பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டைத் தொடுவதில்லை.

சர்வரிலிருந்து திரை வருவதன் அருமையை எனக்கு முழுசாகப் புரிய வைத்தது சீட்டுத் திரைதான். எடை சேமித்ததும் வரும் திரை அது. எடை, விலை, தொகை, பிடித்தம், கையில் தருவது, கடைசியில் முன்பண நிலுவை. நிலுவையைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது முதலாளி. தெரிந்துவிட்டால் அப்புறம் கேள்வி வராது என்பது அவர் நினைப்பு. எடைக்கு வந்த ஒரு அம்மா, வரிசை முடியும் வரை ஓரமாக நின்று, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, நாங்க எவ்வளவு தரணும்னு எங்களுக்குத் தெரியும். பின்னாடி நிக்கிற பத்துப் பேரும் அதைப் படிக்கணுமா?”

அவர் சொன்னது முழு நியாயம். நோட்டில் இருந்த காலத்தில் அந்தத் தொகை நோட்டுக்குள் இருந்தது. பலகையில் சாய்த்து வைத்த போனில் அது ஊருக்கே தெரிந்தது. முதலாளியிடம் பேசினேன். அவரும் யோசித்துவிட்டு, “சரிப்பா, எடுத்துரு. வாரக் கணக்கு அன்னைக்குக் கேக்குறவங்களுக்கு மட்டும் காட்டுவோம்” என்றார். சாயங்காலத்துக்குள் டெம்ப்ளேட்டிலிருந்து அந்த வரியை எடுத்து, தனித் திரையாக வைத்து, அதைத் திறக்க அக்காவின் ரகசிய எண் கேட்கும்படி செய்தேன். மறுநாள் காலை எல்லாப் போனிலும் அது போயிருந்தது. ஆப்பைப் புதுப்பிக்க யாரையும் கேட்கவில்லை, ஸ்டோர் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மனிதர்களின் மானம் சம்பந்தப்பட்ட ஒரு திருத்தம் ஒரு இரவுகூடத் தள்ளிப்போகாமல் இருந்தது. ஹாட்வயர் நேட்டிவை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒன்றே போதும். கணக்கு ஆப் செய்கிறவர்கள், திரையை யார் யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்று அந்த இடத்தில் நின்று ஒருமுறை பாருங்கள்.

இனி, சேமிக்கும் பொத்தானைத் தொட்டதும் நடப்பது. ரெயில்ஸ் பழகியவர்களே இங்கே தடுக்கி விழுவார்கள். படிவம் சரியாகச் சேமிக்கப்பட்டால் சர்வர் 303 என்ற நிலைக்குறியோடு வேறு பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். பிழை இருந்தால் 422 என்ற நிலைக்குறியோடு அதே படிவத்தைத் திருப்பித் தர வேண்டும். பிழையோடு, ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்று அனுப்பினால் டர்போ அதை ஏற்காது. பொத்தான் வேலை செய்யவில்லை என்றுதான் பயனாளர் நினைப்பார். அப்புறம், கீழிருந்து எழும் திரையில் படிவம் இருந்தால், சேமித்ததும் அந்தத் திரை மூடி முந்தைய திரைக்குப் போக வேண்டும். டர்போ ரெயில்ஸ் ஜெம்மில் இதற்கென்றே மூன்று திருப்பும் முறைகள் உண்டு: திரையை விட்டுப் பின்வாங்குவது, இருக்கும் திரையைப் புதுப்பிப்பது, எதுவும் செய்யாமல் தொடர்வது. உலாவியில் வந்தால் சாதாரணமாகத் திருப்பும், ஆப்பில் வந்தால் திரையை மூடும். கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் கன்ட்ரோலரில் ஒரே வரி. ஆப்பிலிருந்துதான் வருகிறார்களா என்று சோதிக்கவும் ஒரு ஹெல்பர் (தயாராக உள்ள சிறு நிரல்) உண்டு. வெப்பின் மேல்பட்டையையும் அடிப்பட்டையையும் ஆப்பில் மறைக்க அதுதான் வழி.

டர்போவின் கேஷ் இன்னொரு கவனம். முன்பு பார்த்த பக்கத்துக்குத் திரும்பப் போனால், புதிய பக்கம் வரும் வரை பழைய பக்கத்தின் நகலை ஒரு கணம் காட்டும். பெயர்ப்பட்டியலுக்கு அது நல்லது. விலைத் திரைக்கு ஆபத்து. நேற்றைய விலை அரை நொடி தெரிந்தாலும் யாராவது அதைப் பார்த்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் கேஷ் வேண்டாம் என்று ஒரு மெட்டா வரி போட்டால் தீர்ந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு செய்தி, கடற்கரை வேலைக்கு மிக முக்கியம். ரெயில்ஸ் தானாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். யூடிசியின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. நம் ஷெட்டில் பாதி எடை அதற்குள் முடிந்துவிடும். அப்படியே விட்டால் விடியற்காலை எடையெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். ரெயில்ஸின் நேர மண்டலப் பட்டியலில் ‘சென்னை’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. அதை அமைப்பில் போட்டுவிட்டு, நிரலில் எங்கும் ரூபியின் ‘டேட் டுடே’ எழுதாமல் ரெயில்ஸின் ‘டேட் கரண்ட்’ எழுதுங்கள். முதலாவது சர்வரின் நாளைச் சொல்லும், இரண்டாவது நம் நாளைச் சொல்லும். கணக்கு நாள் என்று டேட்டாபேஸில் தனியாக ஒரு நெடுவரிசையும் வைத்தேன். இரவு கடலுக்குப் போய் மறுநாள் விடியலில் வந்த நண்டு எந்த நாள் கணக்கு என்பதை ஷெட்தான் முடிவு செய்ய வேண்டும், கடிகாரம் அல்ல. தனுஷ்கோடி பக்கம் போனால் போனில் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும். நல்லவேளையாக 2006 முதல் அங்கேயும் நம் நேரமேதான்.

தொகையை 1,23,456 என்று நம் முறையில் காட்டுவதற்கு ரெயில்ஸின் எண் ஹெல்பரில் பிரிப்பு வடிவத்தை ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (எழுத்து வடிவத்தைப் பொருத்தும் குறியீடு) கொடுக்கலாம். இந்திய முறைக்கான உதாரணம் ரெயில்ஸ் ஆவணத்திலேயே இருக்கிறது. மேலைநாட்டு முறையில் மூன்று மூன்றாகப் பிரித்த தொகையை நம் ஆட்களிடம் காட்டினால் லட்சத்தைப் படிக்கச் சிரமப்படுவார்கள்.

தரவு அமைப்பில் இந்தக் கரைக்கே உரிய ஒன்று உண்டு. இங்கே ஒரு பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. இன்னொரு பக்கம் தென்கடல், மன்னார் வளைகுடா. காற்று மாறும்போது படகுகளும் கரை மாறும். கச்சான் அடிக்கும் காலத்தில் ஒரு கரை, வாடை அடிக்கும் காலத்தில் ஒரு கரை. எந்தக் கரையில் இறங்கியது என்பதைப் படகின் விவரத்தில் எழுதி வைத்தால், காற்று திரும்பும்போது எல்லாம் தப்பாகிவிடும். அது எடை வரியோடு சேர்ந்தது. படகைக் கேட்டால் ‘கடைசியாக இறங்கிய கரை’ என்று கணக்கிட்டுச் சொல்லட்டும்.

எடைத் திரை பல வாரம் எந்த மாற்றமும் கேட்கப்படாமல் நின்றது. அதற்கு அப்புறம்தான் அதைக் காட்லினில் எழுத உட்கார்ந்தேன். காரணம் சிக்னல். கரையில் சிக்னல் வரும், போகும். மழை இறங்கினாலோ, மின்சாரம் போய் டவர் படுத்தாலோ சுத்தமாக இருக்காது. ஹாட்வயர் நேட்டிவ் அடிப்படையில் இணைப்பை நம்பியிருப்பது. இணைப்பு இல்லையென்றால் ‘மீண்டும் முயல்க’ என்ற திரைதான். வெப் பக்கத்திலேயே உலாவியின் சேமிப்பை வைத்து ஒப்பேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆப் ஏற்கெனவே திறந்திருந்தால் அது ஓடும். அதிகாலையில் போனை எடுத்து ஆப்பைப் புதிதாகத் திறக்கும்போது இணைப்பு இல்லையென்றால், அந்தப் பக்கமே வராது. அந்த நேரத்தில்தான் எடை.

ஆகவே எடைத் திரை ஒன்று மட்டும் நேட்டிவ். பாத் கான்ஃபிகரேஷனில் எடை முகவரிக்கு எதிரே நேட்டிவ் திரையின் பெயரை எழுதினால், அந்த இணைப்பைத் தொட்டதும் வெப்புக்குப் பதில் அது திறக்கும். மற்ற திரைகளுக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. எடை போனில் உள்ள டேட்டாபேஸில் உடனே எழுதப்படும். இணைப்பு வந்ததும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர் அதை ரெயில்ஸுக்கு அனுப்பும். படகுப் பெயர்களும் விலையும் கடைசியாக இணைப்பு இருந்தபோது வந்த நகலிலிருந்து தெரியும். அந்த நகல் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் திரையில் எழுதியிருக்கிறேன்.

இதில் விட்டுவிடக் கூடாத ஒன்று, இரட்டைப் பதிவு. போன் அனுப்பியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் சிக்னல் அறுந்துவிடும். போன் மறுபடி அனுப்பும். ஒரே கூடைக்கு இரண்டு எடை. இதைத் தடுக்க, எடை எழுதப்படும் கணத்திலேயே போனில் ஒரு தனித்த அடையாளம், யூயூஐடி, உருவாக்கி அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சர்வரின் டேட்டாபேஸில் அந்த நெடுவரிசைக்கு யுனிக் இன்டெக்ஸ், அதாவது ஒரே அடையாளம் இரண்டு முறை பதிவாகாத காவல். அதே அடையாளம் மறுபடி வந்தால், பிழை என்று சொல்லாமல், முன்பு சேமித்ததையே பதிலாகத் தர வேண்டும். ரூபி நிரலில், அதாவது மாடலில் வைக்கும் சரிபார்ப்பு மட்டும் போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே அதைத் தாண்டிவிடும். காவல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும்.

உள்நுழைவும் இதோடு சேர்ந்தது. உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் ரெயில்ஸின் சாதாரண செஷன் குக்கியில் காலாவதித் தேதி எழுதப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட குக்கி, ஆப் முழுசாக மூடப்பட்டால் போய்விடலாம். தினமும் கடவுச்சொல் கேட்கும் ஆப்பை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ரெயில்ஸ் 8-இன் உள்நுழைவு ஜெனரேட்டர் நிரந்தரக் குக்கியைத்தான் எழுதுகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் அதையே பின்பற்றலாம்.

சீட்டு அச்சிடுவதற்கு பிரிட்ஜ் காம்பொனென்ட் எடுத்தேன். திரை வெப்பிலேயே இருக்கும், அதில் ஒரு பொத்தான் மட்டும் நேட்டிவோடு பேசும். வெப் பக்கத்தில் ஸ்டிமுலஸ் கன்ட்ரோலர் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல். அது சீட்டின் விவரங்களை ஜேசானாக அனுப்பும். காட்லின் பக்கத்தில் அதே பெயரில் ஒரு கிளாஸ் அதை வாங்கி ப்ளூடூத் பிரின்டருக்குக் கொடுக்கும். பஸ் கண்டக்டர் கையில் இருப்பது போன்ற 58 மில்லிமீட்டர் தாள் போடும் பிரின்டர். இவற்றுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியும் கோடும்தான் வரும். சீட்டு முழுவதையும் 384 புள்ளி அகலத்தில் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக அனுப்பினால் அழகான தமிழ் வருகிறது. ஆண்ட்ராய்டின் கேன்வாஸ் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து வரைந்துவிடும், கொம்பும் காலும் இடம் மாறாது. மெல்லிய எழுத்துரு வேண்டாம், தடித்ததே வெப்பத்தாளில் நிற்கும். பழைய ஆப் வைத்திருப்பவருக்கு அச்சுப் பொத்தான் தெரியக் கூடாது. எந்த பிரிட்ஜ் காம்பொனென்ட்கள் தனக்குத் தெரியும் என்று ஆப்பே பக்கத்துக்குச் சொல்லிவிடும், அதை வைத்து சிஎஸ்எஸ்ஸிலேயே (பக்கத்தின் தோற்ற விதிகள்) மறைக்கலாம்.

தொடங்குபவர்களுக்குச் சில உடனடிச் சிக்கல்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிப் போனான எமுலேட்டரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் ரெயில்ஸைக் கூப்பிட லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் வராது, 10.0.2.2 என்று எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரியை ஆப் தானாகத் திறக்காது, சோதனைப் பதிப்புக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். பட்டியல் திரைகளில் படகோடு உரிமையாளரையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனிக் கேள்வி டேட்டாபேஸுக்குப் போனால், சர்வர் எடுக்கும் நேரம் பலவீனமான சிக்னலின் நேரத்தோடு சேர்ந்து திரை நின்றுவிட்டது போலத் தெரியும்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள், பொதுவில் வெளியிடும் முன், குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் வைத்திருக்க வேண்டும். நண்பர்களின் மின்னஞ்சல்களை வைத்து இதை ஒப்புக்கு முடிப்பவர்கள் உண்டு. நாங்கள் படகுக்காரர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தோம். படகுக்காரர் தன் எடையைத் தன் போனிலேயே பார்க்கும் திரை அந்தச் சோதனையில் பிறந்ததுதான். பங்கு பிரிக்கும்போது கூட வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஏற்கெனவே இருந்த கணக்கின் மேல் ஒரு ரூட் (முகவரி விதி), ஒரு கன்ட்ரோலர், ஒரு டெம்ப்ளேட், அவ்வளவுதான் வேலை. சோதனைக் காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்குள் வந்தது. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய்வந்தன. எடையும் நடந்தது.

இப்போது தென்கடல் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழு ஒன்று இதே போலக் கேட்டிருக்கிறது. அவர்கள் வேலை வேறு. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் வைத்திருக்கிறார்கள், ஈரப்பாசிக்கும் காய்ந்த பாசிக்கும் எடை வேறு, கணக்கு தனி ஆளுக்கும் உண்டு, குழுவுக்கும் உண்டு. எடைத் திரையின் காட்லின் பகுதியை இனிமேல் தொட வேண்டாதபடி, தரங்களின் பெயரையும் விலையையும் சர்வரிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். பொத்தான்கள் மூன்றா ஐந்தா என்பதை இனி ரூபிதான் சொல்லும். அவர்களுடைய முதல் திரையை மறுபடி வெறும் வெப் பக்கமாகத்தான் கொடுத்திருக்கிறேன்.